ஃப்ளெக்ஸ்ல இல்லாத நாய்

நம்பினா நம்புங்க, இல்லைன்னா எந்திரிச்சுப் போங்க, எனக்கு வருத்தமே இல்ல. இதே கதையை வேற யாராவது வந்து சொல்லியிருந்தா நானே மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருப்பேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் நான். முந்திரிக்காட்டுல கொள்ளிவாய்ப் பிசாசைப் பாத்தேன்னு அழுதுக்கிட்டு வந்த புள்ளையை உக்கார வச்சு, அது என்ன வாயு, ஏன் எரியுதுன்னு போர்டுல எழுதிக் காட்டி வீட்டுக்கு அனுப்புனவ. பேயெல்லாம் பயந்தவனுக்குத்தான் வரும்னு வருசா வருசம் வகுப்புல சொல்லிக்கிட்டு இருக்கேன். அது கெடக்கட்டும், எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறாம இருக்கிறது பேயால இல்ல, ஒரு ஃப்ளெக்ஸ் பேனரால.

எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல நாய் வச்சிருக்கிறவர். இதைச் சொன்னாலே ஊர்ல ஒரு நக்கல், துப்பாக்கி குடுக்கலையா, நாயை மேய்க்கவா அம்புட்டுத் தூரம் போனாருன்னு. எல்லையில ஒரு பாதையில ஆளுங்க நடக்கணும்னா மொதல்ல நடக்குறது யாரு? நாய்தான். மண்ணுக்குள்ள என்ன பொதைச்சு வச்சிருக்கான்னு மோந்துக்கிட்டே அது போகும், பின்னால நீளமான கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இவர், இவருக்குப் பின்னாலதான் துப்பாக்கிக்காரங்க எல்லாம். அது கால் வச்ச எடத்துலதான் இவங்க கால் வைக்கணும். காயம்பட்டுக் கெடக்குறவனைத் தேடிப் போறது நாய், ராத்திரி காவல் நிக்கிறது நாய், பனியில வெறைச்சுப் போனவன் பக்கத்துல படுத்துச் சூடு குடுக்குறதும் நாய். மெடல் குத்துறப்ப மட்டும் மனுசன் நெஞ்சைத் தேடுவாங்க.

அவர் வச்சிருந்தது டாலின்னு ஒரு லேப்ரடார், பொட்டை. மண்ணு நெறம், எடது காது ஓரத்துல ஒரு சின்ன வெட்டு, முள்ளுக்கம்பியில கிழிஞ்சதாம். நான் வீடியோ கால்ல மட்டும்தான் பாத்திருக்கேன். போனை அது மூஞ்சிகிட்டக் கொண்டுபோனா தலையை ஒரு பக்கமாச் சாச்சு என்னையே பாக்கும். எனக்கு முன்னாடியே அது அவர்கூட சாப்பிட்டுருச்சான்னு பொய்க்கோவமெல்லாம் படுவேன். போன குளிர்காலத்துல ஒரு பாதையில அது முன்னால போக, வெடிச்சிருச்சு. அது போயிருச்சு, இவரு காது கொஞ்சம் மந்தமானதோட பொழைச்சாரு. வேலையைப் பத்தி வீட்டுல பேச மாட்டாரு, அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல.

அவர் உசுரோட வரணும்னு எங்க அய்யனார் கோயிலுக்கு ஒரு மண் குதிரை வேண்டியிருந்தேன். நான் பேய நம்பாதவதான், ஆனா பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி வேண்டாம இருந்துருவாளா? மண் குதிரைங்களை ஊரே தூக்கிட்டுப் போயி சாமிக்கு நிறுத்துற புரவி எடுப்பு வந்துச்சு. குதிரை செய்யிற வேளார்கிட்டப் போயி, அண்ணே, குதிரை வேணாம், அதே ஒசரத்துல நாய் செஞ்சு குடுங்க, காதுல ஒரு வெட்டு வைங்க, கழுத்து வார்ல டாலின்னு பேர் எழுதுங்கன்னு சொன்னேன். அவரைக் கூட்டிட்டு வந்தது குதிரையா, நாய்தானே. வேளாரும் ஒண்ணும் கேக்காம அம்சமா செஞ்சு நிறுத்திட்டாரு.

கோயில் கமிட்டிக்குத்தான் பொறுக்கல. கமிட்டித் தலைவர் யாருன்னா எங்க மாமனாருக்கு மூத்தவரு, எனக்குப் பெரிய மாமா. வீட்டுக்கே வந்துட்டாரு. "ஏத்தா செல்வி, சாமிக்குச் சொன்னது குதிரை, குடுக்குறது நாயா? செத்த நாய்க்குப் பேர் எழுதி ஊர் சொமக்கணுமா?"ன்னு கேட்டாரு. மத்தவங்க மாட்டுக்கும் கண்ணுக்கும் கைகாலுக்கும் மண்ணுல செஞ்சு வைக்கலையா மாமான்னு நானும் கேட்டேன். மண் உருவத்துக்குக் கடைசியா கண்ணு வரைஞ்சு திறந்தாத்தான் அது சாமிக்குச் சேரும். அந்த நாய்க்கு மட்டும் கண் திறக்கக் கூடாதுன்னு வேளாருக்கு உத்தரவாயிருச்சு.

அதோட விட்டாரா? பஸ் ஸ்டாப்புல பெரிய ஃப்ளெக்ஸ், ஊருக்குப் பெருமை சேர்த்த வீரர்னு எங்க வீட்டுக்காரர் படம், கீழ வரிசையா கமிட்டிக்காரங்க மூஞ்சி. அந்தப் படம் நான் குடுத்தது. அதுல அவர் பக்கத்துல டாலி இருந்தா. ஃப்ளெக்ஸ்ல இல்ல, அழிச்சிட்டாங்க. அதையாச்சும் ஒழுங்கா அழிச்சாங்களா, அவர் கையில கயிறு அப்படியே இருக்கு, கயித்தோட அந்த முனை அந்தரத்துல தொங்குது. ஒண்ணுமே இல்லாததைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிற மாதிரி நிக்கிறாரு மனுசன். பஸ் ஏறப் போறப்பல்லாம் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிப்பேன்.

புரவி எடுப்பு அன்னைக்கு அவருக்கு லீவு கிடைக்கல. சாயங்காலம், நல்ல வெயில். நான் பிடிவாதமா அந்த மண் நாயை ஒரு லோடு ஆட்டோவுல ஏத்தி, முதுகுல துண்டைப் போத்தி, கோயில் பொட்டல் ஓரத்துல நிறுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எல்லாரும் பாக்கட்டும், எவன் கேக்குறான்னு பாப்போம்னு. எதுத்தாப்புல தண்ணிப் பந்தல், நீர்மோர் வாங்க ஒரே புள்ளைங்க கூட்டம், பொம்பளைங்க கூட்டம். குதிரைங்க மாலையோட வரிசையா வருது, முன்னால கொட்டு, வேட்டு.

அப்பத்தான் அந்த நாய் வந்துச்சு. எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு இப்பவும் சொல்லத் தெரியல. அம்புட்டு வேட்டுச் சத்தத்துல ஊர் நாய் ஒண்ணுகூட அந்தப் பக்கம் நிக்கல, இது மட்டும் மூக்கைத் தரையோட வச்சு, அவசரமே இல்லாம, குறுக்கயும் நெடுக்கயும் நடந்து வருது. மண்ணு நெறம். பந்தலுக்குள்ள போச்சு, மோர்ப்பானை வச்சிருந்த மேசைக்கு முன்னால போனதும் டக்குன்னு உக்காந்துருச்சு. உக்காந்து, தலையைச் சாச்சு, அம்புட்டுக் கூட்டத்தையும் தாண்டி என்னைப் பாத்துச்சு.

ஒரு ஆளு கம்பை ஓங்குனான், அசையல. இன்னொருத்தன் கல்லெறிஞ்சான், அதுக்கும் அசையல. எனக்கு வந்துச்சே கோவம், நாயைப் படுத்துறதே பொழப்பாப் போச்சா இவங்களுக்குன்னு எறங்கி விறுவிறுன்னு பந்தலுக்குள்ள போனேன். கிட்டப் போனா எடது காதுல வெட்டு. இது தற்செயல்டின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. அது என்னைப் பாக்குது, மேசைக்கு அடியில பாக்குது, திரும்ப என்னைப் பாக்குது. குனிஞ்சு பாத்தா மேசைத் துணிக்குப் பின்னால ஒரு சாக்கு. வெயில் படாம இருக்கட்டும்னு மிச்ச வேட்டு எல்லாத்தையும் புண்ணியவானுங்க தண்ணிப் பந்தலுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்காங்க. சாக்கோட ஓரத்துல பீடி நெருப்பு மாதிரி ஒரு செவப்பு ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

கத்துனேன். ஸ்கூல்ல கத்துற கத்து, அதுக்கு ஊரே பயப்படும். புள்ளைங்களைப் பிடிச்சுத் தள்ளுனேன், பொம்பளைங்க ஓடுனாங்க, நாங்க ரோட்டைத் தாண்டவும் அது வெடிக்கவும் சரியா இருந்துச்சு. பந்தல் பறந்துருச்சு, பானை சில்லுசில்லாப் போச்சு. ஒரு புள்ளைக்கு முழங்கால் சிராய்ப்பு, அம்புட்டுத்தான். பொகை அடங்குனதும் நான் தேடுனது அந்த நாயைத்தான். ஓடுனதை யாரும் பாக்கல, செத்துக் கெடக்கவும் இல்ல. ஒரு முடிகூடக் கிடைக்கல.

மறுநாள் யாருக்கு மாலை போட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? பெரிய மாமாவுக்கு. அவர் சாமிக்குச் சுத்தமா நடந்துக்கிட்டதால ஊர் தப்பிச்சுச்சாம். அந்த நாயா, அது ஏதோ தெருநாயாம், மோர் குடிக்க வந்துச்சாம்.

ராத்திரி வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லாத்தையும் கொட்டுனேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, குரைச்சுச்சான்னு. இல்லைங்க, சத்தமே போடல, சும்மா உக்காந்து என் மூஞ்சியவே பாத்துச்சுன்னேன்.  

"அதுகிட்ட நீ என்ன சொன்ன?"ன்னாரு.

"நான் என்னத்தங்க சொல்றது, ஒண்ணும் சொல்லல."

"சபாஷ்னு சொல்லணும் செல்வி. அவ குரைக்க மாட்டா. கண்டுபிடிச்சா உக்காந்து நம்ம மூஞ்சியப் பாப்பா. சபாஷ்னு சொன்னாத்தான் எந்திரிப்பா, சொல்ற வரைக்கும் உக்காந்தேதான் இருப்பா." அப்புறம் அவரே சொன்னாரு, "அன்னைக்கு நானும் சொல்லல. உக்காந்து திரும்பிப் பாத்தா. வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள வெடிச்சிருச்சு."

 நாய் உக்காந்துதான் சொல்லும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மனசு கட்டிவிட்ட கதைன்னு நானே எனக்கு போர்டுல எழுதிக் காட்டியிருப்பேன்.

லீவுல வந்தவரு நேரா அந்தப் பொட்டலுக்குத்தான் போனாரு. நான் காட்டுன எடத்துல நின்னு, கையைக் கீழ நீட்டி, "சபாஷ் டாலி, சபாஷ்டா கண்ணு"ன்னாரு. அவர் அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். கமிட்டி உத்தரவைக் கண்டுக்காம மண் நாய்க்கும் வேளார் கண்ணைத் திறந்து குடுத்தாரு, நாங்க ரெண்டு பேருமே தூக்கிட்டுப் போயி குதிரைங்களோட நிறுத்துனோம், பெரிய மாமா பாத்துட்டு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அதோட முடிஞ்சிருச்சுன்னுதான் நான் நெனச்சேன்.

முடியல. அந்தப் பொட்டல்ல ஊர் நாய்ங்க போறதைப் பாருங்க, நான் வண்டியில போறப்பத் தெனமும் பாக்குறேன். நேரா ஓடிவரும், அந்த எடம் வந்ததும் வாலைத் தாழ்த்திக்கிட்டு சுத்திப் போகும், யாரோ உக்காந்திருக்கிற மாதிரி. அவர்கிட்டக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, சபாஷ் சொல்லியும் அவ எந்திரிக்கலைன்னா ஒரே அர்த்தம்தான், அங்க இன்னும் என்னமோ இருக்குன்னாரு. மம்பட்டியை எடுத்து இடுப்பளவு தோண்டிப் பாத்தாரு. ஒண்ணுமே இல்ல, வெறும் செம்மண்ணு. மூடிட்டு, அவ ஒரு தடவைகூடத் தப்பா உக்காந்ததில்லன்னு மட்டும் சொல்லிட்டு லீவு முடிஞ்சு போயிட்டாரு.

நாய்ங்க இன்னும் சுத்தித்தான் போகுது. நானும் கமிட்டியில போயிச் சொல்லிப் பாத்துட்டேன், டீச்சருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு சிரிக்கிறாங்க. இந்த வருசம் அன்னதானப் பந்தலை அந்த எடத்துலதான் போடப் போறாங்களாம்.