என் அத்தை தேடிய தாழி

உலை கொதித்துக்கொண்டிருந்தபோது பாலக்கரையிலிருந்து அத்தையின் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா மன்னார்புரத்துக்கு என்னைத் தேடி வந்தார். வாசலில் நின்றபடியே, "உன் மாமியா போயிடுச்சு லூர்து. சோத்தை வடிச்சிட்டே வா. இனிமே அது எங்கயும் ஓடப்போறதில்ல" என்றார். வடித்துவிட்டுத்தான் போனேன். பதறி ஓடியிருந்தால் அத்தை சவப்பெட்டிக்குள்ளிருந்தே, "சோத்தைக் குழைய விட்டுட்டா வந்தே?" என்று கேட்டிருப்பார்.

என் அத்தை சூசையம்மாளைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். செத்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். நான் ஐந்தாவதோடு நின்றவள். நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

அவர் மகன் அந்தோணி என் வீட்டுக்காரர். கிணறு தோண்டுகிற வேலை. எமர்ஜென்சி சமயத்தில், உப்பிலியபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் தோண்டும்போது அவர் கடப்பாரை ஒரு பெரிய பானையில் குத்தியது. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி. உடைந்து விழுந்த சில்லை எங்களுக்குக் காட்டுவதற்காக மடியில் கட்டிக்கொண்டார். கயிறு போட்டுத் தாழியை மேலே தூக்கினார்கள். அப்புறம்தான் கரை சரிந்தது. பானை மேலே, அவர் கீழே.

பானையைக் கொண்டுபோக சர்க்கார் ஜீப் வந்தது. ஆடாமல் இருக்க வைக்கோல் பரப்பி ஏற்றினார்களாம். அவரைக் கோணியில் சுற்றி மணல் லாரியில் கொண்டுவந்தார்கள்.

உடம்பைக் கழுவும்போது சில்லு கிடைத்தது. அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு அவர் சொன்ன ஆறுதல் இதுதான்: "உன் வயித்துல அவன் பேர் சொல்ல ஒண்ணும் தங்கல. இதாவது தங்குச்சே."

சில வருஷம் போனது. ஒரு கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனால், அவர் குழிமேல் வேறு யாருடைய சிலுவையோ நிற்கிறது. சிமெண்டு பூச வழியில்லாதவர்கள் குழி அப்படித்தான். "பழைய எலும்பை ஓரமா ஒதுக்கிட்டோம் ஆத்தா" என்றார் குழிவெட்டி.

அத்தை அழவில்லை. "எவனோ ஆயிரம் வருஷமாப் பானைக்குள்ள நிம்மதியா இருந்திருக்கான். என் மகனுக்கு ஆறடி மண்ணும் வாடகைக்குத்தானா?" என்றார். மெழுகுவத்தியைத் திரும்பப் பையில் போட்டார். "அந்தப் பானையைத் தேடுவோம். இந்தச் சில்லு எதுல பொருந்துதோ அதான் இனிமே அவன் கல்லறை."

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் எங்களுக்குக் காட்சிசாலைதான். பெரிய கட்டடமும் பார்த்தோம், தாலுகா ஆபீஸ் பின்கட்டு அறையும் பார்த்தோம். ஓரிடத்தில் செத்த பாம்பைக் கண்ணாடிக் குடுவையில் ஊறப்போட்டிருந்தார்கள். அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "உன் மாமனாரும் இப்படித்தான் சாராயத்துல ஊறிக் கிடந்தாரு. மூடி போட மறந்துட்டேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

சீரங்கத்தில் கோயில் காட்சிசாலைக்கும் போனோம். அங்கே வந்திருந்த ஒரு பெரியவரிடம் தாழி இருக்குமா என்று கேட்டேன். "பெருமாள் சந்நிதியில வந்து பிணம் வெச்ச பானையைக் கேக்கறேளே, அம்மா!" என்றார். அத்தை விடவில்லை. "உங்க சாமியும் படுத்துட்டுத்தானே இருக்காரு?" பெரியவர் சிரித்துவிட்டார். மலையடிவாரத்துப் பானைகள் வடக்கே ஒரு ஊரில் புதிதாகத் திறந்த காட்சிசாலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, பஸ்ஸுக்கும் வழி சொன்னார்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அங்கே போனோம். கூடத்தின் நடுவில், இரும்புக் காலில் ஒரே ஒரு தாழி. அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கிணறு சரிந்த அதே ஊர்ப்பெயர். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு தாழியைச் சுற்றி வந்தார். ஓட்டையே இல்லை.

அதிகாரி வந்தார். "என்னம்மா தேடறீங்க?"

"இதுல ஒரு ஓட்டை இருக்கணுமே சார்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இருந்துச்சு! எவனோ மடையன் கடப்பாரையால குத்திட்டான். நாங்க பூசி, கலர் குடுத்து, தெரியாம அடைச்சிட்டோம். எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முடியவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் அத்தை சில்லை வைத்துப் பார்த்தார். அது வழுக்கியது.

"இப்ப கொண்டாந்து என்னம்மா பண்றது? பின்னாடி கூடை கூடையாச் சில்லு கிடக்கு. அதுல போட்டுட்டுப் போங்க."

"அந்த மடையன் பேர் அந்தோணிங்க" என்றார் அத்தை. "அட்டையில எழுத இடமிருக்கா?"

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் பாலக்கரையில் கரண்டு போய்விட்டது. கொண்டுபோன மெழுகுவத்தியைக் கொளுத்திவைத்து அத்தை மீன் கழுவினார். அதற்குப் பிறகு எந்தக் காட்சிசாலைக்கும் அவர் வரவில்லை.

அத்தை படுக்கையில் விழுந்தபோது கேட்டேன். "பெட்டியில உங்க கையிலயே சில்லை வெச்சிடட்டுமா அத்தை?"

"வேணாம். என் குழியையும் தோண்டுவானுங்க. எவளோ மடச்சி சில்லைக் கட்டிக்கிட்டுச் செத்திருக்கான்னு சிரிப்பானுங்க. நீ வெச்சிக்க. உனக்குத்தான் வேற ஒண்ணும் இல்லையே."

சில்லு என் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஓரத்தில் கடப்பாரை பட்ட வெட்டு இன்னும் கூர்மையாக இருக்கிறது, அத்தை வாயைப் போல. அதை யாரும் பூசவில்லை. வருகிற கல்லறைத் திருநாளில் என் வீட்டுக்காரருடைய மெழுகுவத்தியை இதன் பக்கத்தில் கொளுத்துவேன். அத்தைக்கு, குழி இருக்கிறவரை குழியில். அதையும் தோண்டிவிட்டால் இரண்டு பேருக்கும் இங்கேயே.

காட்சிசாலைக்காரர்கள் யாராவது கேட்டு வந்தால், என் வீட்டுக்கு வழி சொல்லாதீர்கள்.