மேகமா, விண்மீன் கொத்தா

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது என் ஆராய்ச்சிப் படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. கணவருக்கு இங்கே தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. எனக்குப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வானியல். தினமும் காலையில் அத்திப்பள்ளி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேருவேன். பக்கத்து இருக்கைப் பெண்கள் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களை ஆராய்கிறேன் என்பேன். "கம்ப்யூட்டர்லயா? அப்ப ஐடிதான்" என்று முடித்துவிடுவார்கள். நானும் தலையாட்டிவிடுவேன்.

சில விண்மீன் மண்டலங்களின் நடுவே இருக்கும் பெரிய கருந்துளை, சுற்றியுள்ள வாயுவை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே விழும் வாயு சூடேறி ஒளிரும்போது, அந்த நடுப்பகுதி மட்டுமே மற்ற விண்மீன்கள் அத்தனையோடும் போட்டி போடும் அளவுக்குப் பிரகாசமாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு மண்டலத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தரையிலிருந்து எடுத்த படத்தில் அதன் நடுப்பகுதி கலங்கலான ஒரு வெளிச்சத் திட்டு, அவ்வளவுதான். விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் அதே திட்டு ஒரு வளையமாக விரிந்து, வளையத்தின் மேல் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஆயிரமாயிரம் இளம் விண்மீன்கள் நெருக்கமாகப் பிறந்த ஒரு கொத்து என்பது என் முடிவு. அவ்வளவு கொந்தளிப்புக்குப் பக்கத்திலும் விண்மீன்கள் பிறக்கின்றன என்று சொல்லப்போகிறேன் என்பதில் எனக்குப் பெரிய பூரிப்பு இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"இது கொத்துன்னு எதை வச்சு சொல்றே? நடுவுல இருக்கற வெளிச்சம் பட்டு வாயு மேகம் மின்னுனாலும் இப்படித்தானே தெரியும்?"

"நிறத்தைப் பாருங்க சார். நல்ல நீலம். இளம் விண்மீனோட நிறம்."

"நீ எடுத்த ஃபில்டர்ல வாயுவோட வெளிச்சமும் சேர்ந்து வருது. அந்த நீலத்தை நான் நம்ப மாட்டேன்."

கேள்வி நியாயமானது. ஆனால் அளவுகளை நான் மூன்று விதமாக எடுத்துப் பார்த்திருந்தேன். கொத்துகள்தான் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவரை ஒத்துக்கொள்ள வைக்கும் படம் ஒன்று கிடைக்க வேண்டும், அதுதான் பாக்கி.

இந்த நேரத்தில் நான் கர்ப்பமாக இருந்தேன். ஆறாவது மாதத்தில் டாக்டரம்மா பஸ் பயணம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். வாழ்த்தினார். பிறகு, "நீ நிம்மதியா ரெஸ்ட் எடும்மா. இந்த வேலையைப் புதுசா சேர்ந்த பையன்கிட்ட குடுத்துடலாம். அவன் முடிச்சிடுவான், உன் பேரும் இருக்கும்" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால் பொறுமையாகவே பதில் சொன்னேன். "பஸ்லதான் சார் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உக்காந்து கணக்குப் போடக்கூடாதுன்னு சொல்லல. வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு. நானே முடிக்கிறேன்."

"முடியுமா?"

"முடியும் சார்."

அவர் சரி என்றார்.

அடுத்த வாரமே அம்மா சிங்காரப்பேட்டையிலிருந்து என்னை அழைத்துப்போக வந்துவிட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். என்னால் இப்போது வரமுடியாது, ஒன்பதாவது மாதம் வருகிறேன் என்றேன்.

"அப்டி இன்னா வேல அது? வானத்துல கீறது எங்கியும் ஓடிப்பூடாது. புள்ளய பெத்துக்கினு வந்து பாரு" என்றாள்.

என் கணவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். அம்மா அவரிடம் நியாயம் கேட்டாள். அவர் சட்டென்று, "நீங்க இங்கனயே இருந்திருங்க அத்தை. அவ வேலையும் முடிஞ்சிரும், உங்களுக்கும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்" என்றார். அம்மா ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மறுநாள் அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். வளைகாப்பை ஓசூர் வாடகை வீட்டிலேயே நடத்தினோம்.

வாயு சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே பளிச்சென்று ஒளிரும். விண்மீனின் ஒளியோ எல்லா நிறங்களிலும் பரவியிருக்கும். ஆகவே வாயுவின் நிறங்களை ஒதுக்கிவிட்டு எடுத்த படம் ஒன்று வேண்டும். அதில் புள்ளி மறைந்தால் மேகம், நிலைத்தால் கொத்து. புதிதாகப் படம் எடுக்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு, கிடைத்து, எடுத்து முடிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். ஆனால் எடுத்து முடித்த படங்களையெல்லாம் ஒரு பொதுக் காப்பகத்தில் போட்டு வைத்திருந்தார்கள். வேறு யாரோ, வேறு எதற்கோ, இதே மண்டலத்தை அப்படியொரு ஃபில்டரில் எடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் இணைய இணைப்பு இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஆட்டோவில் போய்த் தேடினேன். சில நாட்கள் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கிடைத்தது. அந்த மண்டலத்தின் ஓரத்தில் இருந்த ஏதோ ஒன்றுக்காக யாரோ எடுத்த படம், அதன் மூலையில் என் வளையம் முழுசாக விழுந்திருந்தது. கோப்போ பெரியது. இறங்கத் தொடங்கியதும் கடையில் மற்றவர்களுக்கு எதுவும் திறக்கவில்லை. கடைக்காரர் எழுந்து வந்தார். தெலுங்குக்காரர்.

"இன்னா மேடம் டவுன்லோடு போட்டீங்க? எல்லாம் கத்துறாங்க."

முந்தைய நாள் இறக்கிய சின்னப் படம் ஒன்றைத் திறந்து காட்டினேன். கறுப்பும் சாம்பலுமாக, நடுவே ஒரு வெளுப்பு. என் வயிற்றையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்கேனா மேடம்? கொழந்த நல்லாருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஒரு விண்மீன் மண்டலம், இதன் வெளிச்சம் கிளம்பியபோது பூமியில் மனிதர்களே இல்லை என்று சொன்னேன். அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "காலைல கட தெறந்ததும் வாங்க. எல்லாம் ஷிஃப்டுக்குப் போயிருப்பாங்க, லைன் ஃப்ரீயா இருக்கும்" என்றார். அப்படியே செய்தேன். இரண்டு காலைகளில் இறங்கியது. பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மின்வெட்டு மோசமாக இருந்த காலம். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து உட்காருவேன். இரண்டு படங்களும் வெவ்வேறு சாய்மானத்தில் எடுத்தவை. திருப்பி, நீட்டி, இரண்டிலும் விழுந்த விண்மீன்களை வைத்துப் பொருத்த நிறைய வேலை இருந்தது. பொருத்தி முடித்த அன்று மத்தியானம், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

புள்ளிகள் நிலைத்து நின்றன, ஒன்றைத் தவிர. காணாமல் போனது, நடுவுக்கு மிக அருகில் இருந்த, எல்லாவற்றிலும் பிரகாசமான புள்ளி. என் கட்டுரையின் முதல் பத்தியையே அதை வைத்துத்தான் எழுதியிருந்தேன். பொருத்தம் தவறோ என்று முதலிலிருந்து செய்து பார்த்தேன். தவறில்லை. அது மேகம்தான். சுருக்கென்றது.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"மத்ததெல்லாம் இருக்குல்லா?"

"இருக்கு."

"பெறவு என்ன? அத எடுத்துப் போட்டுட்டு எழுது."

எடுத்துப் போடவில்லை. முதல் பத்தியை மாற்றி, இது மேகம், இவை கொத்துகள், இரண்டையும் பிரித்தறியும் வழி இது என்று எழுதினேன். கட்டுரை முன்னைவிட உறுதியாக இருப்பது எழுதும்போதே தெரிந்தது.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தன் காரில் அவரே ஓசூர் வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை வாங்கிக்கொண்டு, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் போட்டார். அம்மா வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"பெருசு போயிடுச்சே" என்றார்.

"ஒண்ணு மட்டும்தான் சார் போச்சு."

அவர் மறுபடியும் மாற்றிப் பார்த்தார். "மத்தது நிக்குது. நான் நெனச்சது ஒண்ணுலதான் சரி, நீ சொன்னது மத்த எல்லாத்துலயும் சரி." பிறகுதான் காபியைக் கையில் எடுத்தார்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மா, "பாஸாங்க சார்?" என்று கேட்டாள்.

"பாஸ்தாம்மா" என்றார் அவர்.

ஒன்பதாவது மாதம், சொன்னபடி, வாடகைக் காரில் சிங்காரப்பேட்டைக்குப் போனேன். மகள் பிறந்தாள். கட்டுரையை அதற்கு முன்பே ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டிருந்தோம். மதிப்பீட்டாளர் ஒருவர் மறைந்த புள்ளியைப் பற்றி நிறையக் கேட்டிருந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன்.

சில வாரம் கழித்துப் பேராசிரியர் அம்மாவின் கைபேசிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா, "கொழந்தய தூங்க வெச்சிக்கினு கீறா சார், அப்பறமா பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள். சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னாள். கையைக் கழுவிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், இரண்டு படங்களுக்கு விளக்கக் குறிப்பை மட்டும் திருத்தச் சொல்கிறார்கள் என்றார். மகள் எழுந்திருப்பதற்குள் திருத்தி முடித்தேன்.