கொட்டாவி என்கிற ஏ. எல். சீசர்

செயின்ட் ஹெலினா தீவில் ஒருவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்க மாட்டார். தேடுகிறவர் கப்பலை விட்டு இறங்கிய புது ஆள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்துவிடும். ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கிறவர்கூட முழுப்பெயரை முறைப்படி வாசித்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, “அதாவது நம்ம ஆணி” என்பார். அதன் பிறகுதான் ஊர் அழத் தொடங்கும். அதுவரை யாருக்காக அழுவது என்று எங்களுக்குத் தெரியாது.

என்னை வாளி என்பார்கள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது என் சொந்தப் பெயரைச் சொன்னால் போலீஸோ என்று பயம் வருகிறது. தீவில் எல்லாரும் இப்படிப் பழகிப்போனவர்கள்தான், ஒருவனைத் தவிர. அவன் கொட்டாவி.

கொட்டாவியும் நானும் ஒரே வகுப்பு. எட்டு வயதில், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில், வெயிலில் எங்களை நிற்க வைத்துவிட்டு கவர்னர் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கடின உழைப்பைப் பற்றியது. அது முடிகிற மாதிரி தெரியவில்லை. அப்போது இவன் வாயைத் திறந்தான். சாதாரணக் கொட்டாவி இல்லை. அடிவயிற்றில் புறப்பட்டு, ஏறி, இறங்கி, கடைசியில் “ஆ...வ்” என்று முடிகிற முழு நீளக் கொட்டாவி. கவர்னர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் ஊர் அந்தப் பையனைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பெயர் வைத்தது.

வைத்தவன் பூசணி. இவனுக்குப் பக்கத்தில் நின்றவன், அப்போதே குண்டு. “டேய் கொட்டாவி” என்று அவன் சொன்னது சாயங்காலத்துக்குள் மலையேறி, மேட்டில் இருக்கிற ஹாஃப் ட்ரீ ஹாலோ ஊருக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பாதிரியாரே அப்படித்தான் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து அவன் ஊர் முன்னால் கொட்டாவியே விட்டதில்லை. அந்த ஒரு கொட்டாவிக்குப் பிராயச்சித்தமாகவே மீதி வாழ்க்கையை நடத்தினான் என்று சொல்லலாம். கோழி அடையும் நேரத்துக்குப் படுத்துவிடுவான். கோவிலில் பிரசங்கம் தொடங்கினால் வாயில் பெப்பர்மின்ட் போட்டுக்கொள்வான். தொண்டை வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், டாக்டர் “வாயை நல்லாத் திறங்க” என்று சொன்னதும், வராந்தாவில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தான். மலையிலிருந்து ரோட்டில் விழுகிற பாறைகளை அகற்றும் வேலை அவனுக்கு. தலைக்கு மேல் கல் தொங்கும்போது எவனுக்குக் கொட்டாவி வரும்? அதற்காகவே அந்த வேலையைத் தேடிப் போனான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன்.

அவன் மனைவி மேவிஸ் நல்லவள். அவளும் அவனை “கொட்டா” என்றுதான் கூப்பிடுவாள். ஆசையில் சுருக்கியது.

அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவனுடைய அம்மா. அந்தி நேரத்தில் வாசலில் வந்து நின்று “ஆம்ப்ரோ...ஸ்” என்று இழுப்பாள். பள்ளத்தாக்கில் மேய்கிற ஆடெல்லாம் தலையைத் தூக்கும். இவனுக்குத் தலை நரைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள். கடைசிவரை அந்தக் கிழவி ஊருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அவள் செத்தபோது ரேடியோவில் முழுப்பெயரை வாசித்தார்கள். ஊர் சும்மா இருந்தது. பிறகு, “அதாவது நம்ம கொட்டாவியோட அம்மா” என்றார்கள். ஊர் அழுதது. அவன் மட்டும் எழுந்து போய் ரேடியோவை அணைத்தான்.

அதற்கப்புறம்தான் ஸ்கிட்டில்ஸ் ஆட வந்தான். எங்கள் தீவில் சாயங்காலம் ஆனால் பாதி ஜனம் மதுக்கடைகளின் பின்கட்டில்தான் இருக்கும். நீளமான பலகைத் தரை, அந்தக் கோடியில் ஒன்பது கட்டைகள், இந்தக் கோடியில் மர உருண்டை. தரையில் போட்ட கோட்டைத் தாண்டாமல் உருட்டிச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். சாய்க்காவிட்டாலும் ஒன்றுமில்லை, மீன் கட்லெட் எப்படியும் வரும். நான் கட்லெட்டுக்காக ஆடுகிறவள். இவனோ கிளப் வருஷாவருஷம் கொடுக்கிற கோப்பைக்காக ஆடினான். வேலை முடிந்து எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து, தனியாக உருட்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் அவன் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன்.

“எதுக்குடா உனக்கு இந்தக் கோப்பை? வீட்ல டீ குடிக்கக் கப் இல்லையா?”

“கோப்பை யாருக்கு வேணும், வாளி? ஜெயிச்சவன் பேரை வாசிப்பாங்கல்ல.”

“வாசிப்பாங்க. அதுக்கு?”

“முழுப் பேரையும் வாசிக்கணும்னு கிளப்ல சட்டமே இருக்கு. பட்டப்பேரைச் சேக்கக் கூடாது. எல்லாரும் இருக்கிறப்ப, மைக்ல, சத்தமா.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும்.”

யோசித்துப் பார்த்தால் அவன் கணக்கு சரிதான். இந்தத் தீவில் ஒரு மனுஷனின் முழுப்பெயரை அவன் உயிரோடு இருக்கும்போது சத்தமாக வாசிக்கிற இடங்கள் ஞானஸ்நானம், கல்யாணம், கோர்ட்டு, இந்தக் கோப்பை. முதல் இரண்டும் முடிந்துவிட்டன. கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் கிடையாது.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டான். எதிராளி வேறு யார், பூசணிதான். பின்கட்டு நிரம்பி வழிந்தது.

“கொட்டாவி, தூக்கம் வந்தாச் சொல்லு. தாலாட்டு பாடுறேன்” என்றான் பூசணி.

“நீ பாடினா கட்டை தானா விழுந்துரும்டா. உருட்டு முதல்ல” என்றான் இவன்.

நன்றாகத்தான் ஆடினான். கடைசி உருண்டையில் ஒரே ஒரு கட்டை ஆடியது, ஆடியது, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நின்றேவிட்டது. அடுத்து பூசணி. வயிற்றை முன்னால் தள்ளி, குனிந்து, ஒரே உருட்டில் ஒன்பதையும் சாய்த்தான். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். கொட்டாவி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் நடையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். நேராகக் கிளப் தலைவரிடம் போனேன். எங்கே போனாலும் அறிவிப்பு ஒட்டுகிறவர் என்பதால் அவருக்கு நோட்டீஸ் என்று பெயர்.

“நோட்டீஸ், உருட்டும்போது பூசணி காலு கோட்டைத் தாண்டிருச்சு.”

“வாளி, நீ கொட்டாவி டீம்ல ஆடுறவதானே?”

“நான் எந்த டீமா வேணா இருந்துட்டுப் போறேன். அந்தக் காலு எந்த டீமு?”

பார்த்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். பூசணியையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் கொஞ்சமும் கூசாமல், “தாண்டியிருக்கும். வயிறு போன பக்கம் காலு போகாம எங்க போகும்?” என்றான். அந்த உருட்டு செல்லாது, கோப்பை கொட்டாவிக்கு என்று தீர்ந்தது. பூசணியே ஒரு யோசனையும் சொன்னான். “இப்பச் சொல்லிராதீங்க. ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லுங்க. அவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணும்.” எனக்கும் அதைப் பார்க்கத்தான் ஆசை. மேவிஸிடம்கூட மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா. கோவிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் மேஜை போட்டு, தக்காளி தடவிய ரொட்டியும் கட்லெட்டும் அடுக்கியிருந்தார்கள். மேவிஸ் சமையலறையில் ஒரே பானையில் சோறும் கறியும் கிளறிக்கொண்டிருந்தாள். கொட்டாவி வரமாட்டேன் என்றவன்தான். மேவிஸ் பானையைத் தூக்க ஆள் வேண்டும் என்று இழுத்து வந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் மேடையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கைத் தட்டினார்.

“இந்த வருடத்துத் தனிநபர் கோப்பையை வெல்பவர், திரு. ஆம்ப்ரோஸ் லாரன்ஸ் சீசர்.”

கூடம் அமைதியானது. தலைகள் திரும்பின. “யாருப்பா அது?” என்றது ஒரு குரல். “போன கப்பல்ல வந்தாரே பல் டாக்டரு, அவரா?” என்றது இன்னொன்று. எல்லாரும் வாசல் பக்கம் பார்த்தார்கள்.

கொட்டாவியும் பார்த்தான். கையில் பாதிக் கட்லெட்டோடு, கழுத்தை நீட்டி, வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்த்தான். மரியாதைக்கு மெதுவாகக் கைகூடத் தட்டினான். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டான்.

“யாரு வாளி அந்த சீசரு? பேரு நல்லாருக்குல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியிலேயே செத்துப்போனது.

“நீதான்டா” என்றேன்.

“போடி, சும்மா இரு” என்றான், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து.

நோட்டீஸ் இன்னொரு தடவை வாசித்தார். மூன்று பெயரையும் தனித்தனியாக நிறுத்தி, அவன் ஆசைப்பட்ட அதே மாதிரி வாசித்தார். அப்போதும் அவன் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை ஜன்னலில் கரண்டியோடு மேவிஸின் தலை தெரிந்தது.

“கொட்டா! உன்னத்தான் கூப்பிடுறாங்க, எந்திரி!”

உடனே எழுந்துவிட்டான்.

அப்புறம் கூடம் அதிர்ந்தது. “கொட்டாவி! கொட்டாவி!” என்று மேஜையைத் தட்டினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியவன் பூசணி. மேடையில் நோட்டீஸ் மறுபடியும் அந்த முழுப்பெயரைச் சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். கோப்பை என் மடியில் இருந்தது. மேவிஸ் காலிப் பானையோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்த வண்டியெல்லாம் மெதுவாகி, “ஜமாய்ச்சுட்ட, கொட்டாவி!” என்று கையைத் தூக்கின. இவனும் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கினான். யாரையும் விடவில்லை. இரண்டாவது வளைவு தாண்டியதும் சொன்னான்.

“அம்மா கூப்பிட்டிருந்தாத் திரும்பியிருப்பேன்.”

பின்னாலிருந்து மேவிஸ், பழக்கமில்லாத வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறவளாக, “ஆம்ப்ரோஸ்” என்றாள்.

அவன் ரோட்டைப் பார்த்தபடியே தலையசைத்தான்.

“வேணாம் மேவிஸ். நீ கொட்டான்னே கூப்பிடு.”