சித்திரையில் சூடேறிய வண்டி

எங்கள் காருக்கு இருபது வயசு. நான் அதை ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் என் கணவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். அவர் ஏன் ஓட்டுவதை விட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கோடையில் இரண்டு முறை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனார். பிறகு ஒரு கல்யாணத்துக்காக வடபழனி போனவர், திரும்பி வரும் வழி பிடிபடாமல் பஸ் டிப்போ பக்கத்தில் காரை நிறுத்திக்கொண்டு எனக்கு போன் செய்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த மனுஷன். வயசுக்கு ஏற்ற மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவனித்துக்கொண்டிருங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் கவனித்தேன். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் வீடியோ காலில் கவனித்தான். எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்பதை அவரும் கவனித்தார்.

கொஞ்ச நாளில் அவராகவே கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு வேலையை மட்டும் விடவில்லை. காலையில் காப்பி குடித்ததும் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே போவார். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவார். பழைய வண்டி, கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், பரவாயில்லை என்று மெக்கானிக்கும் எப்போதோ சொல்லியிருந்தார். கீழே போய்விட்டு வரும்போது அவர் முகம் பழைய முகமாக இருக்கும். அதனால் நான் அந்த வேலையில் மட்டும் தலையிடுவதில்லை.

இந்தச் சித்திரையில் வண்டி சூடாக ஆரம்பித்தது. மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு என்ன பெரிய தூரம்? எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும், பாதி வழியில் நடுக்கோட்டைத் தாண்டும். அடையாறு பாலத்தில் ஏறும்போது சிவப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஏசியை அணைப்பேன். கண்ணாடியை இறக்குவேன். ஒருநாள் எஞ்சின் சூட்டையே வெளியே இழுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஹீட்டரைப் போட்டேன். முள் கொஞ்சம் இறங்கியது, நான் வெந்துபோனேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று புரியவில்லை என்றால் தூக்கம் வராது. பாங்கில் வேலை பார்த்த நாளில் ஒரு கணக்கு இடித்தால் அது எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் நாற்காலியை விட்டு எழமாட்டேன். அதே மாதிரி ஒரு பழைய டைரியை எடுத்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, ஏசி போட்டா போடாமலா, முள் எங்கே நின்றது என்று எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் மெக்கானிக்கின் ஷெட் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவருக்கு ஐம்பது வயசிருக்கும், எதற்கும் அவசரப்படமாட்டார். ஃபேன் ஓடவில்லையோ என்றுதான் அவர் முதலில் சந்தேகப்பட்டார். நான் டைரியைக் காட்டினேன். ஃபேன் கோளாறு என்றால் சிக்னலில் நிற்கும்போது சூடாகி, வண்டி ஓட ஆரம்பித்ததும் காற்றுப்பட்டு இறங்க வேண்டும். எங்கள் வண்டியோ பாலத்தில், அவ்வளவு காற்றிலும் ஏறிக்கொண்டே போகிறது. அவர் டைரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த சந்தேகத்துக்குப் போய்விட்டார்.

அடுத்தது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் சின்ன வால்வு அது. திறக்காமல் ஒட்டிக்கொண்டால் வண்டி கொதிக்கும். அதைக் கழற்றிக் கொடுங்கள், நான் வீட்டில் பார்க்கிறேன் என்று வாங்கி வந்தேன். ரசம் வைக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். என் கணவர் தன் பழைய பெட்டியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, எழுபது, எழுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பதைத் தாண்டியதும் வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாதம் முழுவதிலும் நாங்கள் சந்தோஷமாக இருந்த காலை அதுதான். வால்வு மேல் தப்பில்லை.

மெக்கானிக் எஞ்சின் ஆயிலைப் பார்த்தார். தண்ணீர் கலந்தால் அது மோர் மாதிரி ஆகிவிடுமாம், ஆகவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். உள்ளே கேஸ் கசிந்தால் குமிழி விடுமாம், அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது தண்ணீர் ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். முந்தின வாரம் மகன் போனில், "அப்பா ஏதாவது மாத்தி ஊத்தியிருப்பாரும்மா, இனிமே அவரை நம்பி ஒண்ணும் விடாதே," என்று சொல்லியிருந்தான். வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவன். கோளாறு தண்ணீரில் இருந்தால் அவன் சொன்னது சரி என்றாகிவிடும். அவரிடம் மிச்சம் இருக்கும் அந்த ஒரு வேலையும் போய்விடும். டைரியில் அத்தனை எழுதினேனே, காலையில் எந்தத் தண்ணீரை எடுத்துப்போகிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் மெக்கானிக் சூடாக இருந்த ரேடியேட்டரின் மேல் துணியை வைத்துத் தொட்டுப் பார்த்தார். மேலே கொதித்தது, கீழ்ப் பாதி சில்லென்று இருந்தது. பாதிக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை. நாளைக் காலை கழற்றி வைக்கிறேன், வந்து பாருங்கள் என்றார். என் கணவரும் என்னோடு வந்தார்.

ரேடியேட்டரின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி உள்ளங்கையில் போட்டுக் காட்டினார்.

"இன்னா சார், போர் தண்ணி ஊத்திக்கினு இருந்தியா? உள்ள முழுக்க உப்பு கட்டிக்கினு கீது."

இல்லவே இல்லை என்றார் என் கணவர். பால்கனியில் ஏசியிலிருந்து பக்கெட்டில் சொட்டும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், காற்றில் இருக்கும் ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர் அது, காய்ச்சி வடித்த மாதிரி, அதில் உப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த சர்பத் வண்டிக்குப் போய் அரை எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அந்தப் பொருக்கின் மேல் பிழிந்தார். அது நுரைத்துப் பொங்கியது.

"கால்சியம் கார்பனேட்," என்றார். வகுப்பில் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார். சொன்ன பிறகு முகம் மாறியது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் வேற எதையோ எடுத்து ஊத்தியிருக்கேன். எனக்கே தெரியாம. வண்டியை வித்துடலாம். பையன் சொல்றதுதான் சரி."

இவ்வளவு நாள் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். எந்த பக்கெட்டிலிருந்து எடுத்தீர்கள்? பின் பால்கனியில் இருக்கும் பச்சை பக்கெட், வேறு எது என்றார்.

தீபாவளி சமயத்தில் வீட்டில் குடிதண்ணீருக்கு ஆர்.ஓ. மிஷின் வைத்தோம். மாட்ட வந்த ஆள், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு லிட்டர் வேஸ்ட் வெளியே வரும், உப்பெல்லாம் அதில்தான் போகும், அந்த டியூபை எங்கே விடட்டும் என்று கேட்டார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள் நான். இரண்டு லிட்டரைச் சாக்கடையில் விட மனசு வருமா? வீடு துடைக்க ஆகட்டும் என்று, ஏசி டியூபோடு சேர்த்துக் கட்டி, பால்கனியில் இருந்த அந்த பக்கெட்டிலேயே விடச் சொன்னேன். இவர் அன்றைக்குக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போயிருந்தார். வந்த பிறகு நானும் சொல்லவில்லை. வேஸ்ட் தண்ணீரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

அதை ஷெட்டில் வைத்தே சொன்னேன். மெக்கானிக் சிரித்துவிட்டு, மூடியில் இருக்கும் ரப்பரும் போயிருக்கிறது, அதனால்தான் தினமும் தண்ணீர் குறைந்திருக்கிறது, ரேடியேட்டர், மூடி இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார். என் கணவர் சிரிக்கவில்லை.

"மார்கழியில நாம ஏசி போடவே இல்ல. ஆனா பக்கெட் தினமும் நிறைஞ்சிருந்துது. ராத்திரி ஏசி போட்டதை நான்தான் மறந்துபோயிடறேன்னு நெனச்சேன்."

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீ பையன்கிட்ட சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். நாலு மாசமாக இந்த மனுஷன் தினமும் காலையில் ஒரு பக்கெட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார், நான் உள்ளே டைரி எழுதிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று மகனுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, வண்டி சூடானதற்கு அம்மாதான் காரணம், அப்பா எடுத்தது சரியான பக்கெட், அதைக் கெடுத்தவள் நான், மெக்கானிக்கும் பக்கத்தில்தான் இருக்கிறார், வேண்டுமானால் அவரையே கேள் என்றேன். ரேடியேட்டரில் எப்படிம்மா உப்பு கட்டும் என்று அவன் கேட்டான்.

என் கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கடின நீர் என்றால் என்ன, அது எத்தனை வகை, சூடாக்கினால் என்ன ஆகும் என்று முதல் பாடத்திலிருந்து அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.