தாழை நேர்ச்சை

விஜிலா பிடிவாதக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரியதாழைக்குத் தெற்கே கடலோரத் தெருவில் வீடு. வார நாட்களில் ஐஸ் கம்பெனி வேலை, ஞாயிறானால் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. கணவன் கிளைட்டன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன்.

போன வருஷம், புயலே வராத மாசத்தில் ஒரு புயல் வந்தது. கிளைட்டனின் வள்ளம் திரும்பவில்லை. ஆள் உயிரோடு வந்தால் கரையில் ஒரு குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்னக் கோயில், கட்டுவதாக விஜிலா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். கிளைட்டன் வந்து சேர்ந்தான்.

குருசடிக்கு அவனே இடம் பார்த்தான். தெருவுக்கும் கடலுக்கும் நடுவே தாழம்புதர் அடர்ந்த மணல்மேடு. அதை வழித்துச் சமப்படுத்தினால் கடலிலிருந்தே சிலுவை தெரியும். கரையில் மற்ற இடமெல்லாம் வள்ளம் ஏற்றுவதற்கே பற்றாது. அவன் ஆசையில் குற்றமில்லை. ஆனால் வடக்குத் தெருவில் இப்படித்தான் வலைக்கூடம் கட்ட மேட்டை வழித்தார்கள். அதே புயலில் அங்கே ஒரு வரிசை வீடே கடலுக்குள் போனது. அதில் வீட்டைப் பறிகொடுத்த ஆக்னஸ், பிள்ளைகளோடு இப்போது விஜிலா வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறாள்.

விஜிலா பங்குச்சாமியாரிடம் போனாள். குருசடிக்குப் பதிலாக, மேடு வழித்த வடக்குக் கரையில் மணலைப் பிடித்து நிறுத்தத் தாழை நட்டு வளர்க்கிறேன், நேர்ச்சையை மாற்றித் தாருங்கள் என்றாள்.

"மாத்தித் தர எனக்கு அதிகாரம் இருக்கும்மா. ஊர் வாய மூடத்தான் அதிகாரம் இல்ல" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார் அவர்.

கிளைட்டனுக்குச் சுருக்கென்றது. "நேந்தது நீ, பொழச்சது நான். அந்தோணியார் கோவிச்சா கடல்ல கெடக்கப்போறது யாருளா?"

"கடலு ஏன் சூடாகுது, காத்து ஏன் மாசம் மாறி அடிக்குதுன்னு பிள்ளைய எங்கிட்ட கேக்குதுவ. கெடுத்தது நாம மட்டும் இல்லதான். ஆனா இந்த மேடு நம்ம கையில இருக்கு. ஆண்டவர் படைச்சதக் காக்கணும்னு கோயில்ல சொல்லிக் குடுத்துட்டு, ஒங்க உசுருக்காக ஒரு தெருவக் கடலுக்குக் குடுக்க மாட்டேன்."

அதன் பிறகு அவன் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை முடிந்ததும் விஜிலாவும் ஆக்னஸும் வடக்குக் கரையில் தாழங்கன்று நட்டார்கள். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். ஆடு கடித்துப் போட்டதைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டார்கள். புருஷன் உயிரை வைத்து விளையாடுகிறாள் என்று தெருவில் பேச்சு. அதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லா வள்ளமும் கரையேறியும் கிளைட்டனின் வள்ளத்தை மட்டும் காணோம். கரையில் நின்ற பெண்கள் கடலைப் பார்க்கவில்லை, வடக்குக் கரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த விஜிலாவைத்தான் பார்த்தார்கள். குருசடியே கட்டிவிடுகிறேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். 'அவரக் காப்பாத்தும் ஆண்டவரே' என்று மட்டும் கேட்டுக்கொண்டு அடுத்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஆக்னஸ் அடுத்த குடத்தைச் சுமந்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

இருட்டுகிற நேரத்தில் இன்னொரு வள்ளம் அவன் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. கிளைட்டன் குதித்து இறங்கி, நனைந்த துணியோடு நேரே வடக்குக் கரைக்கு வந்தான். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"எஞ்சின் நின்னு போச்சு. பயந்துட்டேன். நானும் ஒண்ணு நேந்துட்டேன்" என்றான்.

குருசடிதான், இனி தடுக்க முடியாது என்று அவள் நினைத்தாள். "என்னன்னு நேந்தீங்க?"

"கரையேறுனா, மேடு வழிச்ச எடம் முழுக்கத் தாழை வச்சுத் தாரேன்னு."

அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு, "எந்தக் கன்னுக்கு இன்னும் ஊத்தல?" என்று கேட்டான்.