புதனைப் படமெடுத்த காலை

எண்பத்தாறாம் வருஷம். ஒடுகத்தூரில் நானும் என் மனைவியும் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தோம். படமெடுப்பதும் கழுவுவதும் என் வேலை. நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து, முகத்தில் இருக்கும் பருவையும் தழும்பையும் மறைப்பது அவள் வேலை. அதில் அவள் கைதேர்ந்தவள்.

நவம்பரில் அவள் தம்பி வந்தான். வேலூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தான். மறுநாள் காலை புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகிறது, அடிக்கடி நடக்கிற காரியமில்லை, எப்படியாவது படம் வேண்டும் என்றான். விடிவதற்கு முன்பே அவனுடைய சின்ன டெலஸ்கோப்பையும் என் கேமராவையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு ஏறினோம். கிழக்கே மறைப்பில்லாத ஒரு சாமைக் கொல்லையை அவன் முன்பே பார்த்து வைத்திருந்தான்.

வெகுநேரம் மேகம். அது விலகியதும், டெலஸ்கோப் வழியாக வந்த வெளிச்சத்தை வெள்ளை அட்டையில் விழவைத்தான். உள்ளங்கை அகலத்துக்குச் சூரியன். அதில் கடுகைவிடச் சின்னதாய்க் கறுப்புப் புள்ளி. கொல்லைக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"இது போய்ட்டா மழ நின்னுடுங்களா?"

அறுத்துப் போட்ட சாமை நாலைந்து நாளாக மழையில் நனைந்துகொண்டிருந்த கவலை அவருக்கு. இதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று மச்சான் சொன்னதும் கதிரை மூடப் போய்விட்டார். மேகம் விட்ட போதெல்லாம் அட்டையைப் படமெடுத்து ஒரு ரோலை முடித்தேன்.

அன்றைக்கே பிலிமைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் பிரிண்ட் போட்டால், சூரியன் இருக்கிறது, புள்ளி இல்லை. ஒன்றில்கூட இல்லை. கண்ணால் பார்த்தோமே மாமா என்று மச்சான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாத்துலயும் ஒரு புள்ளி இருந்திச்சி. நாந்தான் அடைச்சேன்."

"அதாங்க்கா புதனு," என்று அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா தொட்டிருப்பனா?"

உண்மைதான். இரண்டு பேருமே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பென்சில் போட்ட இடத்தை அவளே ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. மற்றவற்றில் புள்ளி வந்தது. நெகட்டிவ்களை எடுத்த வரிசையில் அடியில் விளக்கெரியும் டச்சப் கண்ணாடிமேல் அடுக்கியவள், "இன்னாடா இது, நவுந்துகினே போவுது?" என்றாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்க ஆரம்பித்தான். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். அன்று மதியச் சாப்பாட்டை நான் ஓட்டலில்தான் வாங்கி வந்தேன்.