துரைக்கண்ணு மேஸ்திரியின் கடைத்தெரு

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. பூந்தமல்லி தபால் நிலையத்தில் நான் கவுண்டரைத் திறந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், மேனாம்பேட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முனுசாமி உள்ளே வந்தார். வரிசையில் நின்றவர்களை விட்டு விலகி ஓரமாக நின்றார். அவ்வளவு தூரமும் சைக்கிளிலேயே வந்திருக்கிறார் என்பது சட்டையின் ஈரத்தில் தெரிந்தது.

“மேஸ்திரி பூட்டாரு அக்கா,” என்றார். “காத்தால டீ குடிக்க வரல. இன்னாடான்னு போய்ப் பாத்தா கட்டில்லயே கெடக்கறாரு. கஸ்தூரிக்குத் தந்தி குடுக்கணும். அட்ரஸ் உங்களுக்குத்தான் தெரியும்னாங்க.”

மேஸ்திரியின் மகள் கஸ்தூரியின் நாகபுரி முகவரி எனக்கு மனப்பாடம். தந்திப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு முகவரியை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

“சீரியஸ்னு போடுங்க அக்கா,” என்றார் முனுசாமி மெதுவாக. “பொண்ணு அவ்ளோ தூரம் ரயில்ல வரணும்.”

எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நானே எத்தனையோ பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த அப்பாவும் மகளும் வாயால் சொல்லாமல் விட்டவை ஏற்கெனவே நிறைய. நானும் ஒன்றை மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. காலமானார் என்றே எழுதி, முனுசாமியிடம் படித்துக் காட்டி, அனுப்பினேன். அதன் பிறகு கவுண்டருக்கு வந்தவர்களுக்குத் தபால் தலை கிழித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கு என்ன கொடுத்தேன் என்பது நினைவில் இல்லை.

துரைக்கண்ணு மேஸ்திரியை மேனாம்பேட்டில் அறியாதவர் கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், இரும்பு வார்ப்பதற்கான மர அச்சுகளைச் செய்யும் பிரிவில் வேலை பார்த்தவர். உயரமானவர், தலை குனிந்தே நடப்பார். மனைவி சின்ன வயதிலேயே இறந்துவிட, ஒரே மகள் கஸ்தூரியைத் தாமே வளர்த்தார். முன்பு அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். என் கணவர் மறைந்த பின் அம்பத்தூர் தபால் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்து, மேனாம்பேட்டுக்குக் குடிவந்தேன். அவர் என்னைக் கடைசிவரை ‘போஸ்டாபீஸம்மா’ என்றுதான் கூப்பிட்டார்.

நான் குடிவந்த புதிதில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்காது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கும், குழாயடிக்குப் போகும் காலடி கேட்கும், அவ்வளவுதான். காரணம் பிறகுதான் தெரிந்தது. கஸ்தூரி தொழிற்பேட்டையில் டைப்பிஸ்டாக இருந்தாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாஸ்கர் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக அப்பாவிடம் சொன்னாள். ‘நம்ம ஜனம் இல்ல’ என்று அவர் மறுத்துவிட்டார். பாஸ்கர் சிறிது காலம் காத்திருந்தார். பிறகு கடையைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து கஸ்தூரி அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், பரிமாறுவாள், அவர் சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள். வார்த்தை மட்டும் கிடையாது. அவள் கோபித்துக்கொண்டு எங்காவது போயிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், அவர்கள் தொழிற்சாலையில் இயந்திரம் நிறுவ வந்திருந்த ஜெர்மானியப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பினார். அவர் வீட்டுச் சாமான்களில் மின்விசிறியையும் நாற்காலிகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். யாரும் தொடாமல் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை மேஸ்திரி வாங்கி வந்தார். பொறியாளரின் மகளுக்கென்று வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த விளையாட்டுப் பெட்டி அது. அதற்குள் பொம்மை அளவில் ஒரு மளிகைக் கடை, துண்டு துண்டாக இருந்தது. மெல்லிய மரத்தில் வெட்டிய சுவர்கள், கூரை, அலமாரிகள், விரல்நுனி அளவு இழுப்பறைகள், புரியாத எழுத்தில் அச்சடித்த லேபிள்கள். ஒட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மூடியில் ஒரு படம்.

“கட்டை நல்ல கட்டைம்மா,” என்றார் என்னிடம். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறைக்குத் தயிர் கேட்க நான் அங்கே போயிருந்தேன். மேஸ்திரி தரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். சுவர்கள் நின்றுவிட்டன. கஸ்தூரி தயிர்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எனக்கு அல்லாமல், சொன்னாள்:

“நம்ம ஊர்க் கடையில உப்ப உள்ளயா வெப்பாங்க? வாசல்ல தான வெப்பாங்க.”

மேஸ்திரியின் கை அப்படியே நின்றது. அவர் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தவர்போல, கடையின் வாசலையே பார்த்துக்கொண்டு, “ஆமா, வாசல்லதான்,” என்றார்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து ஒரு மரத்துண்டு கொண்டு வந்து, மூடியில்லாத சின்ன உப்புப் பெட்டி ஒன்று செய்து கடை வாசலில் வைத்தார். கஸ்தூரி அதில் கல்லுப்பை உடைத்துப் போட்டாள். அதன் பிறகு படத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. முக்கோணக் கூரையை எடுத்துவிட்டு ஓலைத் தட்டி இறக்கினார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பதிலாகப் பலகைக் கதவுகள் வந்தன. அவை வரிசை மாறாமல் இருக்கக் கஸ்தூரி ஒவ்வொன்றிலும் தமிழில் எண் எழுதினாள். மருந்தகத்திலிருந்து காலி ஊசிமருந்துக் குப்பிகளை நான் வாங்கிக் கொடுத்தேன். அவை மிட்டாய் பாட்டில்கள் ஆயின. பழைய ரவிக்கைத் துணியில் கேழ்வரகு மூட்டை, பித்தளை வாஷரில் தராசுத் தட்டு, கூரையிலிருந்து தொங்கும் பொட்டலம் கட்டும் நூல்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்க ஆரம்பித்தது. எல்லாம் கடைப் பேச்சுதான். “தராசு சாயுது.” “மண்ணெண்ணெ டின்னு எங்க வெக்கறது?” “பருப்புக்குப் பக்கத்துல வேணாம் நைனா, நாத்தம் அடிக்கும்.” அந்த ‘நைனா’வைக் கேட்ட அன்று என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

முடித்த கடையைப் புகைப்படம் எடுத்து, கஸ்தூரியே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, பொறியாளருக்கு அனுப்பினாள். அவர் வீட்டில் அதை மிகவும் ரசித்திருக்க வேண்டும். அடுத்த கிறிஸ்துமஸை ஒட்டி இன்னொரு பெட்டி வந்தது. பிறகு வருஷா வருஷம் வந்தது. பார்சல் என் கையில்தான் முதலில் வரும். நானே எடுத்துப் போய்க் கொடுப்பேன். தொப்பிக் கடையைத் துணிதேய்க்கும் கடை ஆக்கினார்கள்; கரிப்பெட்டிக்குள் சிவப்புக் காகிதம் கனலாக இருந்தது. அந்நிய ஊர் மருந்துக் கடை, சுக்கும் திப்பிலியும் விற்கும் நாட்டு மருந்துக் கடையாயிற்று. நவராத்திரியில் தெருவே வந்து பார்த்துப் போகும்.

ஆனால் கடையை விட்டால் அவர்களுக்கு வேறு பேச்சு இல்லை என்பதையும் நான் கவனித்தேன். ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி வருவதற்கு இடையில் அந்த வீடு பழையபடி அடங்கிவிடும். கஸ்தூரிக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் கடிகாரக் கடை வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கஸ்தூரி சொன்னாள், “இத ரேடியோ ரிப்பேர் கட ஆக்கலாம்.”

மேஸ்திரி சரி என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். எந்தக் கடை அது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவள் ஒன்றையும் மறக்கவில்லை. சுவரில் சாய்த்த பழைய ரேடியோப் பெட்டிகள், தொங்கும் கம்பிச் சுருள், மேஜைமேல் ஈயம் பற்றவைக்கும் கோல், அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் நீலச் சட்டை போட்ட ஓர் ஆள். தீக்குச்சி உயரம்கூட இல்லாத அந்த ஆளை அவளே துணி சுற்றிச் செய்தாள்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது, நீலச் சட்டைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி மரத்தில் செதுக்கியது. புடவைக்கு மஞ்சள் பூசியிருந்தார்.

“இது யாரு நைனா?” என்றாள் கஸ்தூரி.

“ஒண்டியா கீறானேன்னு…” என்றார் மேஸ்திரி.

கஸ்தூரி அந்தப் பெண்ணை இரண்டு விரலால் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஜைக்கு வெளியே, தெருப் பக்கமாக நிறுத்தினாள்.

“இவ ரிப்பேருக்குக் குடுக்க வந்தவ நைனா. குடுத்துட்டுப் போயிருவா.”

“நான் அப்பவே சரின்னு சொல்லியிருந்தா…”

“அந்தப் பலகையக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க. பச காயல.”

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். பசை காய்ந்த பிறகும் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இருவரில் யார் என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷமே கஸ்தூரிக்கு மத்திய அரசு வேலை உத்தரவு வந்தது. ஊர் நாகபுரி. அவள் வேண்டாம் என்றாள். “உங்கள யாரு பாத்துக்குவாங்க?” என்று கேட்டாள்.

“இத்தினி நாளா யாரு யாரப் பாத்துக்கினோம்?” என்றார் மேஸ்திரி. குரலில் கோபம் இல்லை. “இந்தக் குட்டிக் கடைங்களுக்குள்ளயே பூந்துகினு ரெண்டு பேரும் ஒக்காந்துகினு கீறோம். நீ போ கண்ணு. பெருசா ஒரு ஊரப் பாரு.”

அவள் போனாள். அவரை நான் தனியாளாக அறிந்தது அதன் பிறகுதான். ஒருவருக்குச் சமைக்கும் அளவு அவருக்குக் கடைசிவரை வரவில்லை, மிஞ்சிய சோற்றை என் வீட்டு வாசலில் நின்று, “கோழிக்குப் போடுவீங்களா?” என்று கேட்டுக் கொடுப்பார். என் வீட்டில் கோழி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பார்சல் வந்தால் பிரிக்கமாட்டார். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, அவள் லீவுக்கு வரும்வரை காத்திருப்பார். அவள் வந்தால் அந்தச் சில நாட்களும் வீடு முழுக்க மரத்தூளும் பசை வாசனையும்தான்.

பிறகு நாகபுரியில் உடன் வேலை செய்யும் ஒரு மராத்தியரை மணக்கப்போவதாக எழுதினாள். கேட்டு எழுதவில்லை, தெரிவித்து எழுதினாள். மேஸ்திரி ஒரு வேட்டியும் துண்டும் புதிதாக வாங்கி, அதுவரை சென்ட்ரலைத் தாண்டி ரயிலில் போகாதவர், தனியாகவே போய்க் கல்யாணத்தில் நின்றுவிட்டு வந்தார்.

“மாப்ள தங்கமானவரும்மா,” என்றார் திரும்பி வந்து. “பேசறதுதான் ஒண்ணும் புரியல. அவருக்கும் நம்பள்து புரியல. ரெண்டு பேரும் சிரிச்சிகினே இருந்தோம்.”

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருஷம் குழந்தை. யாரையும் குறை சொல்ல முடியாது, அவரும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றார். எனக்குப் பூந்தமல்லிக்கு மாற்றலாகி வீடும் மாறினேன். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன்.

கடைசியாக நான் போனபோது அவர் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் தாமே பிரித்திருந்தார். அது ஒரு ரொட்டிக் கடை. செங்குத்தான சிவப்புக் கூரை, கண்ணாடி ஜன்னல், அடுக்கிய ரொட்டிகள், புரியாத எழுத்தில் பெயர்ப்பலகை. மூடியில் இருந்த படத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

“டீக்கடையா மாத்தலையா மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“மாத்தறது கஸ்தூரி வேலம்மா. எனக்கு ஒட்டத்தான் தெரியும்,” என்றார்.

கண் பார்வை குறைந்திருந்ததால் ஜன்னல் ஓரங்களில் பசை வழிந்து காய்ந்திருந்தது. இளமையில் அவர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை வெளியே வந்திருக்காது. எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். தெருமுனைவரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

தந்தி கிடைத்து, வண்டி பிடித்து, கஸ்தூரி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேஸ்திரியின் அண்ணன் மகன் கொள்ளி வைத்தார். கணவரோடு வந்த கஸ்தூரி காலியான கட்டிலைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “உண்மையாவே எழுதினீங்களே அக்கா. அதனால ரயில்லயே அழுது முடிச்சிட்டேன்,” என்றாள். முடித்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்தாள். மற்றக் கடைகளைத் தெருப் பிள்ளைகள் நவராத்திரிக்கு வைக்கட்டும் என்று முனுசாமி வீட்டில் கொடுத்தாள். ரொட்டிக் கடையை மட்டும் தரையில் வைத்து, எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய கணவர் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். கஸ்தூரி தலையசைத்து மறுத்தாள்.

“இதுல என்னென்ன மாத்தலாம்னு கேக்கறாரு,” என்றாள் என்னிடம். “இத நான் தொட மாட்டேன் அக்கா. இது ஒண்ணுதான் நைனா தனியாப் பண்ணது.”

அம்பத்தூர் நிலையத்தில் அவர்களை வழியனுப்பினேன். மாலை நேரத்து மின்சார ரயில், நல்ல கூட்டம். ஜன்னலோரம் யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அந்தக் கடையைத் துணி சுற்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சிவப்புக் கூரையின்மேல் அவள் கை இருந்தது. வண்டி நகர்ந்தபோது எதிரில் இருந்த ஒரு குழந்தை குனிந்து அதன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. குழந்தைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கஸ்தூரி அதை மெல்லத் திருப்பிப் பிடித்தாள்.

மேஸ்திரி, அவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நேற்று கடிதம் வந்தது. வழியில் ஒரு ரொட்டிகூட உதிரவில்லையாம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.